"இதை எப்படிக்கா உள்ளே வெச்சாங்க?"

மெக்கானிக் தன் பையைக்கூடத் திறக்கவில்லை. டிஷ்வாஷர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கைபேசி வெளிச்சத்தை அடியில் காட்டிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "இதை எப்படிக்கா உள்ளே வெச்சாங்க?" என்றார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. உள்ளே போனது வெளியே வராதா என்ன? அவர் பொறுமையாகக் காட்டினார். இயந்திரத்தை வைத்து முடித்த பிறகு யாரோ தரைக்குப் புது டைல்ஸ் ஒட்டியிருக்கிறார்கள், சரியாக அதன் முன்கால் வரைக்கும். அந்த 'யாரோ' நாங்கள்தான். டைல்ஸும் பசையும் சேர்ந்து தரை ஒன்றரை செ.மீ. உயர்ந்துவிட்டது. மேலே கல் மேடை, கீழே டைல்ஸ் படி, நடுவில் செம்புக்குள் தலையை விட்ட பூனை மாதிரி டிஷ்வாஷர்.

கோளாறு பெரிதாக ஒன்றுமில்லை. அடித்தட்டில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கே ஒரு சின்ன மிதவை உண்டு. தண்ணீர் சேர்ந்தால் அது எழும்பி ஒரு சுவிட்சைத் தட்டும். உடனே இயந்திரம் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே நிற்கும். உள்ளே ஏதோ ஒரு குழாய் கிளிப் தளர்ந்திருக்கிறது என்று அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். ஆனால் கிளிப்பைத் தொடப் பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டும், தகட்டைக் கழற்ற இயந்திரம் வெளியே வர வேண்டும். முன்கால்களை முழுக்க உள்ளே திருகினார். பின்காலையும் முன்பக்கம் இருக்கும் திருகு வழியாக இறக்கினார். அப்படியும் சில மில்லிமீட்டர் இடித்தது. கடைசியில் இரண்டு டைல்ஸை உடைத்தோம். கிளிப்பை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. இயந்திரத்தை எடுத்துத் திரும்ப வைக்க அரை நாள்.

சில வருடம் கழித்துச் சமையலறையையே புதிதாகக் கட்ட வேண்டி வந்தபோது, எது நல்ல கம்பெனி என்று எல்லாரிடமும் கேட்டேன், நானும் மனுஷிதானே. ஆனால் கூடவே வேறொரு கேள்வியும் என்னோடு வந்துகொண்டே இருந்தது. இது கெட்டுப்போகும் நாளில் இதை எப்படி வெளியே எடுப்போம்? தனியாக நிற்கும் ஃப்ரிட்ஜிலோ அடுப்பிலோ இந்தக் கேள்வி எழாது, நகர்த்தினால் போதும். அலமாரிக்குள் பதிக்கும் சாமானுக்கு இயந்திரம் பாதி, அது உட்காரும் மாடம் பாதி. இயந்திரத்தைச் செய்தவர் ஒருவர், மாடத்தைச் செய்த தச்சர் இன்னொருவர், கரன்ட் கொடுத்தவர் மூன்றாமவர். ஏதாவது ஆனால் மூவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவார்கள்.

எனவே முதலில் அளவு. பதிக்கும் ஓவனில் உலகம் பெரும்பாலும் ஒத்துக்கொண்ட ஓர் அளவு இருக்கிறது: முகப்பு அகலம் ஏறக்குறைய 595 மி.மீ., உயரமும் அதே 595, ஓவனின் உடல் உள்ளே நுழைய மாடத்தின் உள் அகலம் 560, ஆழம் 550. வெளியே 600 மி.மீ. அலமாரி. இந்த அளவில் மாடம் இருந்தால் பன்னிரண்டு வருடம் கழித்து ஓவன் செத்தாலும் எந்தக் கம்பெனி ஓவனையும் அதே இடத்தில் சொருகிவிடலாம். எங்கள் பழைய ஓவன் அப்படியில்லை. கண்ணுக்கு அழகாக, வழக்கத்தைவிட அகலமாக ஒன்று வாங்கியிருந்தோம். அது போனபோது அந்த மாடல் வழக்கொழிந்திருந்தது, அந்த அளவில் வேறெதுவும் கிடைக்கவில்லை. ஓவனுக்காக அலமாரியை இடிப்பது, மூக்குத்தி வாங்கிவிட்டு மூக்கைத் தேடுவதற்கு நேர்மாறான வேலை.

உயரம் குறைந்த, 455 மி.மீ. ஓவன்களும் உண்டு. அவற்றை வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லித்தருகிறேன். 455 மி.மீ. ஓவனுக்கு அடியில் 140 மி.மீ. உயரமுள்ள சூடு காக்கும் இழுப்பறை ஒன்றை வைத்தால் கூட்டுத்தொகை 595. அதாவது மாடத்தை வழக்கமான அளவிலேயே அடித்துவிடலாம். நாளைக்கு மனசு மாறினால் இரண்டையும் எடுத்துவிட்டு முழு ஓவன் ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஒழுங்குக்கெல்லாம் முன்னோடியாக 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையைச் சொல்வார்கள். ஒரே அச்சில் சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்களாம். எல்லாச் சமையலறையும் ஒரே மாதிரி இருப்பது சலிப்பாக இருக்கிறதே என்று ஒரு காலத்தில் நினைத்திருக்கிறேன். ஓவன் செத்த வாரத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

ஓவனைப் பற்றி ஒரு நல்ல சேதி: பதிக்கும் சாமான்களிலேயே சுலபமாக வெளியே வருவது அதுதான். கதவைத் திறந்தால் இரு ஓரத்துச் சட்டத்திலும் திருகுகள் தெரியும். பெரும்பாலும் இரண்டோ நான்கோ. அவற்றைக் கழற்றி, இரண்டு பேர் பிடித்தால் இழுப்பறை மாதிரி வந்துவிடும். அதில் அடிக்கடி போவது பின்னால் விசிறியைச் சுற்றி வளையமாக இருக்கும் ஹீட்டிங் எலிமென்ட். அப்புறம் கதவுக் கீல், கதவு ரப்பர். இவை எல்லாமே மாற்றக்கூடியவை. மின்னணு போர்டு போனால்தான் யோசிக்க வேண்டும். அதனால் தொடுதிரை, வைஃபை, நாற்பது வகைச் சமையல் திட்டம் என்று கடைக்காரர் அடுக்கும்போது எனக்கு ஒவ்வொன்றும் கெட்டுப்போகக்கூடிய இன்னொரு சாமானாகவே கேட்டது. இரண்டு குமிழ், ஒரு கடிகாரம் உள்ள ஓவனை எடுத்தேன். கதவுக் கண்ணாடிகளைத் தனித்தனியே கழற்றித் துடைக்க முடிகிறதா என்று கடையிலேயே கழற்றிக் காட்டச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

தானாகச் சுத்தம் செய்துகொள்ளும் வகையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 1963இல் ஜெனரல் எலெக்ட்ரிக் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த உத்தி அது. ஓவன் தன்னைத்தானே ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றிக்கொள்ளும், உள்ளே ஒட்டிய பிசுக்கெல்லாம் சாம்பலாகும், அதுவரை கதவு பூட்டியே இருக்கும். ஈரத்துணியால் சாம்பலைத் துடைத்தால் முடிந்தது. வேலை மிச்சம், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டை ஒவ்வொரு முறையும் ரப்பரும் பூட்டும் ஒயரும் சேர்ந்தே தாங்க வேண்டியிருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் அதைப் போட்டுவிட்டு, மறுநாள் கதவு திறக்காமல் தவித்தார். இந்த வசதி உள்ள ஓவன் வைத்திருந்தால், முக்கியமான நாளுக்கு முன்னால் மட்டும் அதை ஓட்டாதீர்கள்.

இப்போது ஃப்ரிட்ஜ். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் நானே என் பேச்சைக் கேட்கவில்லை.

ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய சூடு போக வழி வேண்டும். தனியாக நிற்கும் ஃப்ரிட்ஜுக்கு முதுகுப்புறமும் பக்கமும் அறைக் காற்று கிடைக்கும். அலமாரிக்குள் பூட்டிய ஃப்ரிட்ஜுக்கு நாம்தான் வழி செய்ய வேண்டும்: கீழே அடிப்பலகையில் ஒரு திறப்பு, முதுகுப்புறம் மேலே ஏறும் ஓர் இடைவெளி, உச்சியில் இன்னொரு திறப்பு. பல கையேடுகள் கீழும் மேலும் குறைந்தது 200 சதுர செ.மீ. கேட்கின்றன. கேட்கச் சின்னதாக இருக்கிறது. 60 செ.மீ. அகலத்தில் கணக்குப் போட்டால் மூன்று செ.மீ.க்கு மேல் உயரத்துக்கு முழு நீளத் திறப்பு. சல்லடைத் தகடு வைத்தால் தகட்டின் கம்பிகளைக் கழித்துவிட்டு ஓட்டைகளின் பரப்பை மட்டும் எண்ண வேண்டும்.

எங்கள் தச்சர் கைவேலையில் கெட்டிக்காரர். அவருக்கு அந்தத் திறப்பு கண்ணை உறுத்தியது. நான் இல்லாத நேரத்தில் அடிப்பலகையை முழுசாக மூடி, அழகாக விளிம்பும் ஒட்டிவிட்டார்.

"அண்ணே, இங்கே காற்று போகணுமே?"

"பின்னாடி இடம் விட்டிருக்கேன்மா. முன்னாடி தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?"

பின்னால் இடம் இருந்தது, உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்குள் காற்று வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. அவரைக் கூட்டிப்போய் ஓடிக்கொண்டிருந்த பழைய ஃப்ரிட்ஜின் பின்புறத்தில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வாயைத் திறக்காமல் போய் ரம்பத்தை எடுத்தார். இந்தத் திறப்பு இல்லாமல் ஓடும் ஃப்ரிட்ஜ் உடனே நின்றுவிடாது, அதுதான் ஆபத்து. கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும், கரன்ட் கூடும், நான்காம் வருடமோ ஐந்தாம் வருடமோ செத்துப்போகும். "இந்தக் கம்பெனியே மோசம்" என்று நாம் ஊரெல்லாம் சொல்வோம்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னொன்று தட்பவெப்ப வகை. ஃப்ரிட்ஜின் உள்சுவரில் ஒட்டிய தகட்டில் எஸ்என், என், எஸ்டி, டி என்று எழுத்துகள் இருக்கும். எஸ்என் 10 முதல் 32 டிகிரி வரை, என் 16 முதல் 32 வரை, எஸ்டி 16 முதல் 38 வரை, டி 16 முதல் 43 வரை உள்ள அறைக்கு ஏற்றவை. அறை 38 டிகிரிக்குப் போகும் வீட்டில் 'என்' வகையை வைத்துவிட்டு அதைக் குறை சொல்வது நியாயமில்லை. ஓவனுக்குப் பக்கத்திலேயே ஃப்ரிட்ஜ் வந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

கதவையும் சொல்லிவிடுகிறேன். பதிக்கும் ஃப்ரிட்ஜுக்கு இரண்டு கதவு: அதனுடையது ஒன்று, அலமாரியினுடையது ஒன்று. இரண்டையும் இணைக்க இரு முறை உண்டு. விலை குறைந்தவற்றில் அலமாரிக் கதவு தன் கீலில் நிற்கும், ஃப்ரிட்ஜ் கதவோடு ஒரு சறுக்குத் தண்டவாளத்தால் கோத்திருக்கும். மற்றதில் அலமாரிப் பலகையை ஃப்ரிட்ஜ் கதவின் மேலேயே திருகிவிடுவார்கள். எடை முழுவதும் ஃப்ரிட்ஜின் கீலில் விழும் என்பதால் அந்தக் கீல்களைக் கனமாகவே செய்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. சறுக்குத் துண்டு தேய்ந்தால் கதவு முழுசாக மூடாது, மூடாத கதவு வழியே ஈரக்காற்று போய் உள்ளே பனிக்கட்டி கட்டும். ஆனால் பலகை கையேட்டில் சொன்ன எடைக்குள் இருக்க வேண்டும். கெட்டியான மரத்தில் ஆசை வைத்தால் கீல் அழும்.

இத்தனையும் தெரிந்த பிறகு என் தீர்மானம், ஃப்ரிட்ஜைப் பதிக்கவே வேண்டாம் என்பதுதான். அதே கொள்ளளவுக்குத் தனியாக நிற்பது மலிவு, மாற்றுவதும் சுலபம். என் கணவருக்கோ சமையலறை கூடத்தைப் பார்த்தபடி இருப்பதால் அங்கே வெள்ளைப் பெட்டி நிற்கவே கூடாது. வாதத்தில் நான் தோற்றேன். அதனால்தான் காற்றுத் திறப்பை இவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இண்டக்‌ஷன் அடுப்பு விஷயத்தில் எலெக்ட்ரீஷியனைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான்கு வட்டம் உள்ள அடுப்பு முழு வேகத்தில் 7 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். 230 வோல்ட்டில் அது 30 ஆம்பியரைத் தாண்டும். ஓவனுக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் இதற்குப் போதாது, தனி ஒயரும் தனி பிரேக்கரும் வேண்டும். ஒயர் மாற்ற வழியே இல்லாத வீட்டில், மொத்த இழுவையைக் குறைத்துப் பூட்டி வைக்கும் வசதி உள்ள மாடல்கள் இருக்கின்றன. அடுப்புக்கு அடியில் ஒரு விசிறி காற்றை இழுத்து உள்ளே இருக்கும் பவர் போர்டைக் குளிர்விக்கிறது. அதன் நேர் கீழே இழுப்பறை வைத்து, அதில் காகிதமும் பிளாஸ்டிக் பையும் திணித்தால் அவை விசிறியில் போய் ஒட்டிக்கொள்ளும். போர்டு சூடேறி, அடுப்பு அணைந்து அணைந்து எரியும். அடுப்பு பழுது என்று ஆளைக் கூப்பிட்டால், அவர் இழுப்பறையைக் காலி செய்துவிட்டுப் போவார்.

கல் மேடைக்குச் சமமாக, விளிம்பே தெரியாமல் அடுப்பைப் பதிப்பது இப்போது மோகம். பார்க்க அழகுதான், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அதற்குக் கல்லில் அந்த மாடலின் அளவுக்கே படி வெட்ட வேண்டும், சுற்றிலும் சிலிகான் பூச வேண்டும். எடுக்கும்போது சிலிகானை அறுக்க வேண்டும், கண்ணாடி விரிசல் விட்டால் நம் பாடு. மாற்று அடுப்பு ஒரு சில மில்லிமீட்டர் வித்தியாசமாக இருந்தால் கல்லும் வீண். நான் கல்லுக்கு மேலே உட்காரும் சாதாரண வகையையே எடுத்தேன். 60 செ.மீ. அடுப்புக்குப் பெரும்பாலும் 560க்கு 490 மி.மீ. ஓட்டைதான், மாற்றுக் கிடைக்கும். அதோடு வரும் நுரை நாடாவை ஒட்டினாலே தண்ணீர் உள்ளே இறங்காது. பொருத்த வந்தவர் பழக்கதோஷத்தில் சிலிகான் துப்பாக்கியை எடுத்தார். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன்.

சிம்னிக்கு ஒரே ஒரு விஷயம். கருவியில் 150 மி.மீ. வாய் இருந்தால் சுவர் வரைக்கும் 150 மி.மீ. குழாயே போக வேண்டும். 100 மி.மீ. குழாயை மாட்டினால் மூன்றில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். பரப்பைக் கணக்கிட்டால் 177 சதுர செ.மீ. 79 ஆகிவிடுகிறது, பாதிக்கும் குறைவு. சத்தம்தான் கூடும், புகை அங்கேயே நிற்கும். மைக்ரோவேவைப் பதிக்கவே வேண்டாம், தட்டில் வையுங்கள்.

கம்பெனிக்கு வருவோம். பல பெயர்கள் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பாஷ், சீமென்ஸ், நெஃப், காகெனாவ் எல்லாம் பிஎஸ்எச் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் வருபவை. ஏஇஜி, ஸனுஸ்ஸி இரண்டும் எலெக்ட்ரோலக்ஸ் வீடு. எனவே பெயர்ப்பலகையைவிட உதிரிப் பாகம்தான் எனக்கு முக்கியமாகப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் ஒரு விதி இருக்கிறது. டிஷ்வாஷரின் பம்ப், மோட்டார் போன்றவற்றை அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்த பிறகும் 7 ஆண்டு, கதவு ரப்பர், கூடை போன்றவற்றை 10 ஆண்டு கொடுக்க வேண்டும், கேட்ட 15 வேலை நாளுக்குள் அனுப்பவும் வேண்டும். ஃப்ரிட்ஜுக்கும் இதே மாதிரி உண்டு. ஓவனும் அடுப்பும் அந்த விதியில் வரவில்லை. நீங்கள் எங்கே இருந்தாலும் செய்து பார்க்கக்கூடிய ஒன்று: வாங்க நினைக்கும் மாடலின் எண்ணை வைத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டு, "இதன் கதவு ரப்பரும் வடிகால் பம்ப்பும் வேண்டும், எத்தனை நாளாகும்?" என்று கேளுங்கள். நான் மூன்று இடத்தில் கேட்டேன். ஓரிடத்தில் அன்றே பதில் வந்தது. இன்னோரிடத்தில் "மேடம், முதல்ல வாங்குங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். பட்டியலில் இரண்டாவதாக இருந்தது அப்படியே கீழே போயிற்று.

வாங்கும் தேதியிலும் ஒரு கண்ணி உண்டு. தள்ளுபடி என்று ஆறு மாதம் முன்னாலேயே எல்லாவற்றையும் வாங்கி அட்டைப்பெட்டியோடு அடுக்கிவைப்பார்கள். உத்தரவாதக் காலம் பெரும்பாலும் பில் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், சமையலறை முடிந்த தேதியிலிருந்து இல்லை. கருவிகளில் பிறவிக் கோளாறு இருந்தால் அது முதல் சில மாத ஓட்டத்திலேயே தலைகாட்டிவிடும். அந்த மாதங்களை அட்டைப்பெட்டிக்குள் கழித்தால் என்ன பயன்? நான் அளவுத் தாளை மட்டும் முன்கூட்டியே வாங்கித் தச்சரிடம் கொடுத்துவிட்டு, சாமானைக் கடைசி வாரத்தில் எடுத்தேன்.

டைல்ஸை இந்த முறை அலமாரி வருவதற்கு முன்பே சுவரோரம் வரை ஒட்டச் சொன்னேன். "மறையப்போற இடத்துக்கு எதுக்கு டைல்ஸ்?" என்று கொத்தனார் கேட்டார். டிஷ்வாஷரின் பிளக்கும் தண்ணீர் வால்வும் அதன் முதுகுக்குப் பின்னால் இல்லாமல் பக்கத்துச் சிங்க் அலமாரிக்குள் வந்தன. ஓவன் பிளக்கும் அப்படியே பக்கத்தில். எல்லாம் பொருத்தி முடித்த அன்று, பொருத்தியவரிடம் டிஷ்வாஷரை ஒரு தடவை வெளியே எடுத்துத் திரும்ப வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மேடையின் அடியில் பிடித்திருந்த இரண்டு திருகைக் கழற்றி, கால்களை இறக்கி இழுத்தார். ஏழு நிமிடம். தகட்டில் இருந்த மாடல் எண்களை எல்லாம் படம் பிடித்து, அச்சடித்து, சிங்க் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

போன மாதம் அதே டிஷ்வாஷர் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றது. உடைந்த டம்ளரின் கண்ணாடிச் சில்லு ஒன்று பம்ப்பில் மாட்டியிருந்தது. அதற்கு இயந்திரத்தை இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. உள்ளே வடிகட்டியைக் கழற்றி, பம்ப் மூடியைத் தூக்கி நானே எடுத்துவிட்டேன். ஏழு நிமிட ஒத்திகை வீண்தான் என்று கணவர் சிரித்தார்.

அவர் சிரிப்பதற்கு வேறொன்றும் இருக்கிறது. ஃப்ரிட்ஜின் காற்றை அளந்தேன், கீலை அளந்தேன், பலகையின் எடையைப் பார்த்தேன். அதன் கதவு சுவர்ப் பக்கமாகத் திறக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கைப்பிடி சுவரில் இடித்துக் கதவு 90 டிகிரியோடு நின்றுவிடுகிறது, கீழ் இழுப்பறை முக்கால்வாசிதான் வெளியே வரும். அதைக் கழுவ வேண்டுமானால் உள்ளேயே சாய்த்து, மேல் கண்ணாடித் தட்டைக் கழற்றி, கோணலாகத் தூக்கி எடுக்கிறேன். கீலை மறுபக்கம் மாற்றலாம் என்று கையேடு சொல்கிறது. அதற்கு அலமாரிக் கதவில் புதிதாகத் துளை போட வேண்டும். தச்சரிடம் இன்னும் சொல்லவில்லை.